தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு குரோஷா பை: அடி கெட்டி, நடுவில் வலை

பாட்டில் பைக்கு அழகு தருவது அதன் வலைப் பின்னல். ஆனால் பை மாதக்கணக்கில் உழைக்குமா, ஒரே வாரத்தில் முழங்கால் வரை தொங்கிவிடுமா என்பது அடிப்பகுதியையும் தோள்பட்டியையும் பொறுத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாட்டிலின் எடை தனி. அத்தனையும் நூலில் தொங்குகிறது, நடக்கும்போது குலுங்கவும் செய்கிறது. அதனால் வலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டு, மற்ற இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செயினும் சிங்கிள் குரோஷாவும் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வட்டத்தைத் தொடங்க நூலையே வளையமாக்கிப் போடும் மேஜிக் ரிங் வராவிட்டால் பரவாயில்லை. 2 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினிலேயே 6 சிங்கிள் குரோஷா போட்டால் போதும். நடுவில் விழும் சின்ன ஓட்டையை வால் நூலால் மூடிவிடலாம்.

இன்னொன்று. நான் சிங்கிள் என்று சொல்வது அமெரிக்க முறைப்படி. கண்ணியில் ஊசியை நுழைத்து, நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு வளையங்கள் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுப்பது. பிரிட்டிஷ் முறையில் இதையே டபுள் என்பார்கள். வேறு வீடியோவையும் பார்த்துக்கொண்டே போடுபவர்கள் அது எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உயரமும் அகலமும் எல்லாமே மாறிவிடும்.

நூலும் ஊசியும்

நூல் காட்டன்தான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அக்ரிலிக் மென்மையாக இருக்கும், நிறங்களும் நிறைய கிடைக்கும். ஆனால் எடை ஏறினால் நீண்டுகொண்டே போகும். குளிர்ந்த பாட்டிலின் வெளியில் படியும் ஈரத்தைக் காட்டன் உறிஞ்சிக்கொள்ளும். நனைந்தால் பருத்தி இழை பலவீனமாகாது, இன்னும் உறுதியாகத்தான் ஆகும்.

தடிமனைப் பொறுத்தவரை, ப்ளை எண்ணை, அதாவது எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதை, வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் 4 ப்ளை இன்னொரு கம்பெனியின் 8 ப்ளை அளவுக்குத் தடியாக இருக்கும். லேபிளில் 3.5 முதல் 4.5 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் சரி. 100 கிராம் தாராளமாகப் போதும், மிச்சமும் ஆகும். முதல் பைக்குக் கறுப்பு, கருநீலம் வேண்டாம். கண்ணி எங்கே இருக்கிறது என்று தேடியே கண் வலித்துவிடும்.

ஊசி 3.5 மி.மீ. லேபிளில் 4 மி.மீ. என்று சொல்லியிருந்தாலும் 3.5 தான். துணிக்குப் போடுவதைவிட இங்கே பின்னல் இறுக்கமாக வேண்டும். தோள்பட்டியின் தொடக்கச் செயினுக்கு மட்டும் 4 மி.மீ. ஊசி ஒன்று தேவைப்படும். பிளாஸ்டிக் ஊசி இறுக்கமான காட்டனில் வளைகிறது, மூங்கில் ஊசியில் நூல் மெதுவாகத்தான் நகர்கிறது. என் ஓட்டு, பிடியில் ரப்பர் வைத்த அலுமினிய ஊசிக்கு.

சுற்று தொடங்கும் கண்ணியைக் காட்டும் மார்க்கர் தனியாக வாங்க வேண்டியதில்லை, வேறு நிறத்தில் ஒரு துண்டு நூல் போதும். பெரிய கண் உள்ள மொட்டை ஊசி ஒன்றும், அளவு நாடாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடி வட்டம்

சுற்றை ஸ்லிப் ஸ்டிட்ச் (கண்ணியில் நுழைத்து இழுத்த நூலை ஊசியில் இருக்கும் வளையம் வழியாகவும் அப்படியே எடுப்பது) போட்டு மூடாமல், சுருள் மாதிரி தொடர்ந்து போகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் சரியாக 6 கண்ணி கூட வேண்டும்.

1ஆம் சுற்று: 6 சிங்கிள்.
2ஆம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலும் 2. மொத்தம் 12.
3ஆம் சுற்று: ஒன்றில் 1, அடுத்ததில் 2. மொத்தம் 18.
4ஆம் சுற்று: இரண்டில் ஒவ்வொன்று, அடுத்ததில் 2. மொத்தம் 24.

இதே போக்கில் 30, 36, 42 என்று போங்கள். 7ஆம் சுற்று முடிவில் 42 கண்ணி இருக்கும், குறுக்களவு ஏறக்குறைய 6.5 முதல் 7 செ.மீ. வரும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் வட்டம் கொஞ்சம் அறுகோணமாகத் தெரியும். பாட்டில் உள்ளே போனதும் அது மறைந்துவிடும், விட்டுவிடுங்கள்.

இப்போது பாட்டிலை மேலே நிறுத்திப் பாருங்கள். வட்டம் பாட்டிலின் அடியைவிட இரண்டு, மூன்று மி.மீ. சின்னதாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் ஒரு சுற்றைப் பிரித்துவிடுங்கள். காட்டன் பழகப் பழக இளகும். இன்று கச்சிதமாக இருப்பது அடுத்த மாதம் லொடலொடக்கும். பாட்டில் பெரியது என்றால் 48 வரை போகலாம். 6இன் மடங்காக இருக்கும் வரை மேலே வரும் கணக்கு எதுவும் கெடாது.

வட்டம் ஓரத்தில் அலை அலையாக நெளிந்தால் கண்ணி கூடிவிட்டது, முன்கூட்டியே குழிந்தால் குறைந்துவிட்டது. எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் சுற்றின் கடைசிக் கண்ணியை விட்டிருப்பீர்கள், அல்லது முதல் கண்ணியில் இரண்டு முறை போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியைப் போட்ட கையோடு மார்க்கரை அதற்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

சுவர் எழும்பும் இடம்

குரோஷா புதிதாகக் கற்கும் பலர் தடுமாறும் இடம் இதுதான். எனக்கும் பிடிபட நேரமானது இங்கேதான்.

8ஆம் சுற்றில் கூட்டல் கிடையாது. 42 கண்ணியிலும் ஒவ்வொரு சிங்கிள். ஆனால் கண்ணியின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின்பக்க இழையில் மட்டும் ஊசியை நுழையுங்கள். முன் இழை வெளியே ஒரு மெல்லிய வரம்பாக நிற்கும். அங்கேதான் துணி மடிந்து மேல்நோக்கித் திரும்புகிறது. இதைச் செய்யாவிட்டாலும் சுவர் எழும்பும். ஆனால் விளிம்பு உருண்டையாகி, பாட்டில் நேராக நிற்காமல் சாயும்.

அடுத்த 5 சுற்றுகளுக்கு வழக்கம்போல இரண்டு இழையிலும் போடுங்கள். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் ஒரு விஷயம் நடக்கும்: கிண்ணம் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கவிழும். பின்னலின் நல்ல பக்கம், அதாவது வரிசையாகச் சின்னச் சின்ன அம்பு முனைகள் தெரியும் பக்கம், கிண்ணத்துக்கு உள்ளே போய்விடும். நீங்கள் தூரத்து விளிம்பில், கிண்ணத்தின் உட்புறத்தைப் பார்த்தபடி போட்டுக்கொண்டிருப்பீர்கள். கை தானாக அப்படித்தான் பிடிக்கும். அவ்வளவு ஒன்றும் கெட்டுவிடவில்லை, எதையும் பிரிக்க வேண்டாம். கட்டைவிரலால் அடியை அழுத்தி, சட்டைக் கையை நல்ல பக்கம் திருப்புவதுபோல் புரட்டிவிடுங்கள். இனி உங்களுக்கு அருகில் இருக்கும் விளிம்பில் வேலை செய்ய வேண்டும்; ஊசி வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். திருப்பியதும் பின்னும் திசை மாறிவிட்டதுபோல் தோன்றும். மாறவில்லை. வலக்கைக்காரர்களுக்கு எப்போதும் வலமிருந்து இடம்தான். திசை மாற்றுவதற்காக வேலையைச் சுழற்றினால் ஒரு சுற்று எதிர்த்திசையில் விழுந்து, நடுவில் ஒரு பள்ளம் தெரியும். ஆக, புரட்டலாம், சுழற்றக் கூடாது.

இன்னொன்றும் கண்ணில் படும். மார்க்கர் நேர்கோட்டில் ஏறாமல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வலப்பக்கமாக நகரும். சுருளாகப் போடும் சிங்கிள் குரோஷாவின் குணம் அது. சரி செய்ய முயல வேண்டாம், ஆனால் நினைவில் வையுங்கள். பட்டி வைக்கும்போது இது முக்கியம்.

வலை

5 செயின், 2 கண்ணி விட்டு மூன்றாவதில் ஒரு சிங்கிள். இதையே சுற்றிலும் போட்டால் 42க்கு 14 வளைவு வரும். அடுத்த சுற்றிலிருந்து 5 செயின் போட்டு, கீழே இருக்கும் வளைவின் நடுவில் ஒரு சிங்கிள். கண்ணிக்குள் குத்தாமல் வளைவைச் சேர்த்துப் பிடித்தாலே போதும். மார்க்கரை இனி ஒரு வளைவில் மாட்டுங்கள். வேறு ஒன்றும் இல்லை, பாட்டிலின் தோள் வளையத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு செ.மீ. கீழே வரும் வரை இதுதான். நீர் நிரம்பிய பாட்டிலை உள்ளே வைத்து, பையைப் பிடித்துத் தூக்கியபடி அளவு பாருங்கள். வலை எடையில் நீளும், மேசையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும்.

முடிக்க: 2 செயின், அடுத்த வளைவில் ஒரு சிங்கிள், இப்படி ஒரு சுற்று. அப்புறம் அந்த 2 செயின் இடைவெளியில் 2 சிங்கிள், சிங்கிளின் தலையில் 1. மறுபடி 42 கண்ணி வந்துவிட்டது. இன்னும் 3 சுற்று கெட்டியாகப் போட்டு, ஒரு ஸ்லிப் ஸ்டிட்சில் நூலை முடியுங்கள்.

தோள்பட்டி

நிறைய மாதிரிகளில் 5 கண்ணி அகலத்துக்குத் திரும்பித் திரும்பிப் போட்டு நீளமாக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அப்படிப் போட்டால் எடை ஒவ்வொரு வரிசையையும் பிரித்து இழுக்கிறது, நூற்றுக்கணக்கான வரிசைகளும் ஆளுக்குக் கொஞ்சம் நீள்கின்றன. பட்டியை நீளவாக்கில் போடுங்கள்: ஒரே நீளச் செயின், அதன்மேல் நீளமான 4 வரிசை.

நீளத்தை எண்ணாதீர்கள், அளந்து போடுங்கள். தோளில் குறுக்காக மாட்டிக்கொள்வது என்றால் 110 செ.மீ. அளவில் தொடங்கலாம், ஒரு கயிற்றை உடம்பில் சுற்றிப் பார்த்துவிட்டால் உங்கள் அளவு தெரிந்துவிடும். அதில் 5 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் நீளும். அதோடு பையின் உயரத்தை இரண்டு மடங்காகக் கூட்டுங்கள். ஏனென்றால் பட்டி மேல் விளிம்போடு நிற்கப் போவதில்லை; இரு பக்கமும் வலையின் மேலேயே கெட்டியான அடிச்சுவர் வரை இறங்கப் போகிறது. மேல் விளிம்பில் மட்டும் தைத்தால் எடை முழுவதும் வலையில் தொங்கும். அடி வரை இறக்கினால் எடை பட்டிக்குப் போய்விடும். பாட்டில் சாயாமல் பிடிப்பது மட்டுமே வலையின் வேலை.

செயினை 4 மி.மீ. ஊசியில் போடுங்கள். அதையும் 3.5இல் போட்டால் அந்த ஓரம் சுருங்கி, பட்டி வில்லாக வளையும். அப்புறம் 3.5க்கு மாறி 4 வரிசை சிங்கிள். கடைசியாக இரண்டு நீள ஓரங்களிலும் ஸ்லிப் ஸ்டிட்ச் ஓட்டுங்கள். நீட்சியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கடைசி வேலைதான். கை இறுக்கம் உள்ளவர்கள் இதை மட்டும் கொஞ்சம் தளர்வாகப் போட வேண்டும்.

பட்டி வைக்கும் இடங்களை மேல் விளிம்பில் எண்ணிக் குறியுங்கள்: ஒரு புள்ளி, அங்கிருந்து 21 கண்ணி தள்ளி எதிர்ப் புள்ளி. அடிச்சுவரில் மார்க்கர் இருக்கும் இடத்தை நம்பாதீர்கள், அது எப்போதோ நகர்ந்துவிட்டது. இந்த இரண்டு புள்ளிகளும் மடிப்பில் வரும்படி பையைத் தட்டையாக மடித்து, இரண்டு மடிப்புகளின் நேர் கீழே ஊக்கு குத்திக்கொள்ளுங்கள்.

உடனே தைத்துவிட வேண்டாம். வேறு நூலால் தற்காலிகமாகக் கட்டி, பாட்டிலை நிரப்பி, ஓர் இரவு கதவுக் கொக்கியில் தொங்கவிடுங்கள். நீள வேண்டியது நீண்டுவிடும். காலையில் நீளத்தைச் சரிசெய்து, அதே காட்டன் நூலால் அடிச்சுவரில் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்காக இரண்டு கோடும் தையுங்கள். மேல் விளிம்பிலும் ஒரு சதுரம். நடுவில் வளைவுக்கு ஒரு தையல் போதும். மெல்லிய தையல் நூல் கூடாது. அது எடையில் காட்டன் இழையை அறுக்கும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் கேட்டவற்றில் சில.

வலையில் 14 வளைவு 13 ஆகிவிடுகிறது என்று பலர் சொன்னார்கள். முதல் வலைச் சுற்றின் கடைசி சிங்கிள், தொடங்கிய கண்ணிக்கு நேர் மேலே விழும். அங்கே சுற்று மூடிவிட்டதாக நினைத்து அடுத்த வளைவைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாமல் 5 செயின் போட்டு, முதல் வளைவிலேயே பிடிக்க வேண்டும்.

நடுவில் இடுப்பு ஒடுங்கிய பாட்டிலுக்கு வலை தானாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அடியைவிட மேல்பக்கம் அகலமான பாட்டில் என்றால், கெட்டியான மேல் விளிம்பு வழி விடாது. கடைசி வலைச் சுற்றில் 2 செயினுக்குப் பதில் 3 போட்டு, அந்த இடைவெளியில் 3 சிங்கிள் போடுங்கள், விளிம்பு 56 கண்ணியாகும். பட்டிக்கு 28 எண்ணுங்கள்.

ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பாட்டிலுக்குப் பட்டியை இன்னும் கொஞ்சம் நீளமாகப் போட்டு, அடி வட்டத்துக்குக் கீழேயும் கொண்டுபோய் ஒரே வளையமாகத் தைத்துவிடலாம். அடி மேடாகி ஆடும் என்பதால் சின்ன பாட்டிலுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

இடக்கைக்காரர்களுக்குக் கணக்கு எதுவும் மாறாது. பின்னுவது இடமிருந்து வலம், மார்க்கர் நகர்வதும் இடப்பக்கம்.

துர்நாற்றம் வருகிறது என்றவர்களுக்கு: ஈரத்தோடு பாட்டிலை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள், இரவில் எடுத்துவிட்டுப் பையைக் காயப்போடுங்கள். துவைப்பது பச்சைத் தண்ணீரில். வெந்நீரில் காட்டன் சுருங்கும். பிழிந்ததும் பாட்டிலை உள்ளே நுழைத்துக் கொஞ்ச நேரம் வடிவம் பிடிக்க விட்டு, அப்புறம் எடுத்துத் தட்டையாகக் காயவையுங்கள். பட்டியில் தொங்கவிட்டுக் காயவைத்தால் ஈரத்தின் எடையில் அது இன்னொரு முறை நீளும்.