பதிவான குரலின் வேகத்தைச் சீராக்குதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்ட வரலாற்றைக் குரல்பதிவாக்கும் இளைஞர்கள், வாசிப்பு விரைந்துவிட்டால் முழுப் பதிவையும் மெதுவாக்க முனையாமல், முதலில் இடைநிறுத்தங்களைத் திருத்த வேண்டும். பெரும்பாலும் அதுவே போதும். ஆடாசிட்டி என்னும் ஒலித்திருத்த மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, வாக்கிய முடிவில் ஏறத்தாழ 0.5 விநாடி இடைவெளி சேருங்கள். பத்தி மாறுமிடத்தில் 1 விநாடிக்கு மேலும் விடலாம். அங்கே வெறும் நிசப்தத்தை இட்டால், பின்னணியில் ஓடும் மின்விசிறியின் ஒலி சட்டென அறுந்து ஒட்டுவேலை காதில் உறுத்தும் என்பதால், யாரும் பேசாதபோது பதிந்து வைத்த அறையொலியையே நகலெடுத்து ஒட்டுங்கள். "விடியுமுன் பால்மரம் சீவப் போனார்கள்" என்ற வரிக்கு முன்னுள்ள மூச்சை அடியோடு அழிக்காதீர்கள். அதன் ஒலியளவைக் குறைத்தால் போதும், மூச்சே இல்லாத பேச்சில் உயிர் இருக்காது. பின்னும் வேகம் மிகையாகத் தோன்றினால், சுருதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் நீட்டும் 'சேஞ்ச் டெம்போ' வசதியை 5 விழுக்காட்டுக்குள் பயன்படுத்துங்கள்.