பட்டர்நட்டா, கேரட்டா? பிள்ளையே சொல்லட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கிரெச்சில் (குழந்தைகள் காப்பகத்தில்) சமைக்கிறேன். தட்டில் காய் இருந்தே தீர வேண்டும், அதில் பேரம் கிடையாது. எந்தக் காய் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுவேன். "காய் வேணுமா?" என்றால் "வேணாம்"தான் வரும். "பட்டர்நட்டா, கேரட்டா?" என்று கேளுங்கள் (பட்டர்நட் ஒரு பூசணி வகை). இரண்டே போதும், மூன்றாவதைச் சேர்த்தால் வரிசை நகராது.

அமெரிக்கக் காப்பக உணவுத் திட்டத்திலும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு மதியம் பால், புரதம், காய், பழம், தானியம் என 5 வகையும் வைத்தாக வேண்டும். ஆனால் பிள்ளைகளே பரிமாறிக்கொள்ளலாம். எல்லோருக்கும் வேண்டிய அளவு மேசையில் இருந்தால் சரி.

சுகர் பீன்ஸ் (ஒரு வகை பீன்ஸ் விதை) கறிக்குச் சின்னக் கரண்டி போடுங்கள். அப்புறம், துடைக்க ஒரு துணியும் பக்கத்தில் இருக்கட்டும். கட்டாயம் சிந்தும்!