லினக்ஸ்ல விண்டோஸ் ப்ரோக்ராம் ஓட்டுறது எப்படி? ஒரு ப்ரோக்ராமுக்கு ஒரு பாட்டில்

எங்க சித்தப்பா எலக்ட்ரிக்கல் சாமான் கடை வச்சிருக்கார். கடையில இருக்கிற கம்ப்யூட்டர் பழசு, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10 ஓடிட்டு இருந்துச்சு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 11 போடலாம்னா அதுக்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும்னு கேக்குது, இந்த மெஷின்ல அது இல்ல. விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை போட்டா இன்னும் பல வருஷம் நல்லா ஓடும்னு எனக்கு தெரியும், ஆனா ஒரே ஒரு சிக்கல், அவர் பில் போடுற சாஃப்ட்வேர். யாரோ ஒருத்தர் விஷுவல் பேசிக் 6-ங்கிற பழைய ப்ரோக்ராமிங் மொழில எழுதி குடுத்தது, எழுதினவர் இப்ப எங்க இருக்கார்னு கூட தெரியல. "அது ஓடலனா எனக்கு கம்ப்யூட்டரே வேணாம்பா"ன்னு சித்தப்பா சொல்லிட்டார்.

இப்ப அது வைன்னு ஒரு சாஃப்ட்வேர் வழியா லினக்ஸ்ல ஓடிட்டு இருக்கு. எப்படி பண்ணினேன்னு முதல் தடவை பண்றவங்களுக்கு புரியிற மாதிரி எழுதுறேன். டெர்மினல்ல ஒரு கமாண்ட் கூட அடிக்க வேணாம், எல்லாமே மவுஸ்லயே பண்ணிடலாம். நான் சொல்றது லினக்ஸ் மின்ட்டுக்கு, உபுன்டு மாதிரி மத்ததுல இன்ஸ்டால் பண்ற ஸ்டெப் கொஞ்சம் மாறலாம், மீதி ஏறக்குறைய இதேதான்.

முதல்ல வைன்னா என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

இதை தாண்டி போயிடாதீங்க, இது புரிஞ்சாதான் பின்னாடி எரர் வரும்போது பயம் வராது. ஒரு விண்டோஸ் ப்ரோக்ராம் ஓடும்போது அது சும்மா சும்மா விண்டோஸ்கிட்ட ஏதாவது கேட்டுட்டே இருக்கும், இந்த ஃபைலை திற, இங்க ஒரு ஜன்னல் வரை, இந்த எழுத்தை பிரிண்டருக்கு அனுப்புன்னு. லினக்ஸுக்கு அந்த பாஷை தெரியாது. வைன் நடுவுல உக்காந்து அந்த கேள்வியை எல்லாம் லினக்ஸுக்கு புரியிற மாதிரி மாத்தி சொல்லுது, பதிலை திருப்பி ப்ரோக்ராமுக்கு குடுக்குது. கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு பொய் கம்ப்யூட்டரை ஓட்டுற வேலை இதுல இல்ல, அதனாலதான் பழைய மெஷின்லயும் வேகம் பெருசா குறையாது, விண்டோஸ் லைசென்ஸும் வாங்க வேணாம்.

இது கிராக் பண்ற விஷயம்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, தப்பு. 1993-ல பாப் ஆம்ஸ்டட் ஆரம்பிச்சு, அடுத்த வருஷத்துல இருந்து அலெக்சாண்டர் ஜூலியார்ட் தலைமையில வளர்ந்துட்டு வர்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இது. 1.0 வெர்ஷன் வர்றதுக்கே 15 வருஷம் ஆச்சு, 2008-லதான் வந்துச்சு. அத்தனை வருஷம் விடாம உக்காந்து எழுதியிருக்காங்கன்னு நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வருது. 2018-ல ஸ்டீம்ங்கிற கேம் தளத்தை நடத்துற வால்வ் கம்பெனி இதை அடிப்படையா வச்சு புரோட்டான்னு ஒண்ணு செஞ்சாங்க, அவங்களோட ஸ்டீம் டெக்ங்கிற கையடக்க கேம் மெஷின்ல விண்டோஸ் கேம் எல்லாம் ஓடுறது அதாலதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

உங்களுக்கு வேண்டிய ப்ரோக்ராமுக்கு லினக்ஸ் வெர்ஷனே இருக்கான்னு பாருங்க. விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், ஜிம்ப், ஆடாசிட்டி, இங்க்ஸ்கேப், ஓபிஎஸ், ஜூம் இதுக்கெல்லாம் லினக்ஸ்லயே இருக்கு, இதையெல்லாம் வைன் வழியா போடாதீங்க. இல்லாததுக்கு மட்டும்தான் வைன்.

அடுத்தது, வைனோட சொந்த தளமான வைன்ஹெச்க்யூல ஆப்டிபின்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல உங்க ப்ரோக்ராம் பேரை தேடுங்க, ஜனங்க ஓட்டிப் பாத்து பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், கார்பேஜ்னு ரேட்டிங் போட்டிருப்பாங்க. ரேட்டிங் எந்த வருஷம் போட்டதுன்னும் பாருங்க, பத்து வருஷம் முன்னாடி கார்பேஜ்னு போட்டது இன்னைக்கு நல்லா ஓடலாம். சித்தப்பா சாஃப்ட்வேர் மாதிரி ஊர்ல எழுதினது அதுல இருக்காது, அதை ஓட்டித்தான் பாக்கணும்.

சிலது ஓடாது, இப்பவே சொல்லிடுறேன். தனி டிரைவர் கேக்குற யுஎஸ்பி லாக் வச்ச சாஃப்ட்வேர், ஆன்டிவைரஸ், விண்டோஸோட அடி ஆழத்துல போய் உக்கார்ற ஆன்டிசீட் (ஏமாத்தி ஆடுறதை தடுக்கிற ப்ரோக்ராம்) வச்ச சில ஆன்லைன் கேம்ஸ், இதெல்லாம் வைன்ல நடக்காது. அடோபியோட புது கிரியேட்டிவ் க்ளவுட், மைக்ரோசாஃப்ட் 365-ஓட டெஸ்க்டாப் ஆபீஸ், இதை நம்பி பொழப்பு நடத்துறவங்க வைனை நம்பாதீங்க. வர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்) விண்டோஸை போட்டு ஓட்டுறதுதான் அவங்களுக்கு சரி, அதுக்கு ரேம் நிறைய வேணும்.

ஸ்டெப் 1: பாட்டில்ஸை இன்ஸ்டால் பண்றது

வைனை நேரடியாவும் போடலாம், ஆனா புதுசா வர்றவங்களுக்கு பாட்டில்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுதான் என்னோட சிபாரிசு. உள்ள ஓடுறது வைன்தான், மேல நமக்கு வசதியா பட்டன் எல்லாம் வச்சு குடுத்திருக்காங்க.

மின்ட் மெனுல சாஃப்ட்வேர் மேனேஜரை திறங்க, பாட்டில்ஸ்னு தேடுங்க. ஃப்ளாட்பாக்னு (லினக்ஸ் ஆப்பை தனி பொட்டலமா குடுக்கிற முறை) போட்டிருக்கிறதை எடுத்து இன்ஸ்டால் குடுங்க. தேடி வரலனா சாஃப்ட்வேர் மேனேஜர் ப்ரிஃபரன்ஸ்ல போய் வெரிஃபை ஆகாத ஃப்ளாட்பாக்கையும் காட்டுற ஆப்ஷனை ஆன் பண்ணி மறுபடி தேடுங்க. டவுன்லோட் கொஞ்சம் பெருசு, மொபைல் டேட்டால பண்ணாதீங்க. முடிஞ்சு முதல் தடவை திறக்கும்போது தனக்கு வேண்டியதை தானே இன்னொரு தடவை டவுன்லோட் பண்ணும், அது முடியிற வரைக்கும் ஜன்னலை மூடாம விட்டுடுங்க.

ஸ்டெப் 2: பாட்டில் உருவாக்குறது

பாட்டில்னா ஒரு தனி சின்ன விண்டோஸ் வீடு மாதிரி. அதுக்குன்னு தனி சி ட்ரைவ், தனி ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் பதிஞ்சு வைக்கிற இடம்), தனி செட்டிங்ஸ். மேல பிளஸ் குறியை அமுக்கினா பேர் கேக்கும், ப்ரோக்ராம் பேரையே வைங்க. கீழ அப்ளிகேஷன், கேமிங், கஸ்டம்னு மூணு வகை காட்டும், அப்ளிகேஷனை எடுத்துட்டு கிரியேட் குடுங்க.

இந்த கட்டுரைல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும்: ஒரு ப்ரோக்ராமுக்கு ஒரு பாட்டில். நான் முதல்ல சித்தப்பா கடையில எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போட்டேன், பில் சாஃப்ட்வேர், ஒரு பழைய ஃபோட்டோ பாக்குற ப்ரோக்ராம், ஒரு டிக்ஷனரி எல்லாமே. டிக்ஷனரி ஓடலன்னு விண்டோஸ் வெர்ஷன் செட்டிங்கை மாத்தி, ரெண்டு மூணு டிஎல்எல் (ப்ரோக்ராம் ஓட துணைக்கு வேண்டிய ஃபைல்) சேத்தேன், டிக்ஷனரி ஓடிச்சு, அடுத்த நாள் காலைல பில் சாஃப்ட்வேர் திறக்கல. கடையில ஆள் நின்னுட்டு இருக்காங்க, சித்தப்பா கைல பில் எழுதி குடுத்துட்டு இருந்தார். அன்னைக்கு ராத்திரி எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா பாட்டில் போட்டேன், அதுக்கப்பறம் அந்த பிரச்சனை வரவே இல்ல. இடம் கொஞ்சம் கூடுதலா ஆகும், ஆனா ஒண்ணு கெட்டா இன்னொண்ணை தொடாது.

ஸ்டெப் 3: நோட்பேட் பிளஸ் பிளஸ் வச்சு பழகுறது

முக்கியமான ப்ரோக்ராமை முதல்ல எடுக்காதீங்க. நோட்பேட் பிளஸ் பிளஸ் இலவசம், சின்னது, வைன்ல நல்லா ஓடும், லினக்ஸுக்குன்னு வெர்ஷன் இல்ல, அதனால பழக இது சரியா இருக்கும். அவங்க தளத்துல இருந்து 64 பிட் இன்ஸ்டாலரை டவுன்லோட் பண்ணி டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே வைங்க, ஏன்னு அடுத்த ஸ்டெப்ல சொல்றேன்.

உங்க பாட்டிலை திறந்தா ரன் எக்ஸிகியூட்டபிள்னு ஒரு பட்டன் பெருசா இருக்கும். அதை அமுக்கி அந்த இஎக்ஸ்இ ஃபைலை காட்டுங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், முதல் தடவை அப்படித்தான், பத்து தடவை அமுக்கிடாதீங்க, பத்து இன்ஸ்டாலர் திறக்கும். அப்பறம் விண்டோஸ்ல வர்ற அதே நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். முடிஞ்சதும் பாட்டில் பக்கத்துலயே ப்ரோக்ராம்ஸ்னு பட்டியல்ல பேர் வந்துடும், பக்கத்துல இருக்கிற பிளே குறியை அமுக்கினா திறக்கும். பேர் வரலனா ஆட் ஷார்ட்கட்ஸ் குடுத்து, சி ட்ரைவ்ல ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற இஎக்ஸ்இயை நீங்களே காட்டுங்க.

இன்ஸ்டாலரே இல்லாத, ஃபோல்டரா காப்பி பண்ணி வச்சிருக்கிற ப்ரோக்ராம்னா (சித்தப்பாவோடது அப்படித்தான்) மூணு புள்ளி மெனுல ப்ரௌஸ் ஃபைல்ஸ் குடுத்தா பாட்டிலோட சி ட்ரைவ் திறக்கும், ஃபோல்டரை முழுசா அங்க ஒட்டிட்டு அப்பறம் ஷார்ட்கட் சேருங்க.

ஸ்டெப் 4: "என் ஃபைலை காணோம்"

எல்லாரும் தடுக்கி விழற இடம் இது. பாட்டில்ஸ் ஃப்ளாட்பாக்கா இருக்கிறதால அது ஒரு வேலிக்குள்ள ஓடுது, உங்க ஹோம் ஃபோல்டர் முழுசும் அதுக்கு தெரியாது. டவுன்லோட்ஸ்ல வைங்கன்னு சொன்னது அதுக்குத்தான். டாக்குமென்ட்ஸ்ல இருக்கிற ஃபைலை உள்ள இருந்து திறக்கணும்னா சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஃப்ளாட்சீல்னு ஒரு ஆப் இருக்கு, அதை போட்டு, இடது பக்கம் பாட்டில்ஸை தேர்ந்தெடுத்து, ஃபைல்சிஸ்டம் பகுதில அதர் ஃபைல்ஸ்ங்கிற இடத்துல அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் சேத்துட்டு பாட்டில்ஸை மூடி திறங்க.

ஆல் யூசர் ஃபைல்ஸ்னு ஒரு சுவிட்ச் அங்கேயே இருக்கும், அதை ஆன் பண்ணினா வேலை சுலபம்தான், ஆனா பண்ணாதீங்க. விண்டோஸ் வைரஸ் வைன்லயும் ஓடும், எங்கிருந்தோ எடுத்த கிராக் பண்ணின இஎக்ஸ்இல ஃபைலை எல்லாம் பூட்டி வைக்கிற வைரஸ் இருந்தா அதுக்கு எந்த ஃபோல்டர் தெரியுதோ அதெல்லாம் போயிடும். வேலி இருக்கிறது நல்லதுக்குத்தான்.

பிரிண்டருக்கு தனியா விண்டோஸ் டிரைவர் போட வேணாம், லினக்ஸ்ல வேலை செய்யிற பிரிண்டரைத்தான் வைன் உபயோகிக்கும். ப்ரோக்ராமுக்குள்ள பிரிண்டர் பேர் தெரியலனா ஃப்ளாட்சீல்லயே சாக்கெட்ஸ் பகுதில பிரிண்டிங் சிஸ்டம் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 5: தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வந்தா

யூனிகோட் தமிழ் (இப்ப மொபைல், வெப்சைட் எல்லாத்துலயும் வர்ற தமிழ்) கட்டமா தெரியுதுன்னா ப்ரோக்ராம் எடுத்திருக்கிற ஃபாண்ட்ல தமிழ் எழுத்து இல்லன்னு அர்த்தம். பழைய விண்டோஸோட கூட வந்த லதா ஃபாண்ட் வைன்ல கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமா கிடைக்கும், அந்த டிடிஎஃப் ஃபைலை ப்ரௌஸ் ஃபைல்ஸ் வழியா போய் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபாண்ட்ஸ் ஃபோல்டர்ல ஒட்டிட்டு, ப்ரோக்ராமை மூடி திறந்து, அதோட செட்டிங்ஸ்ல இந்த ஃபாண்டை தேர்ந்தெடுங்க. நோட்பேட் பிளஸ் பிளஸ்ல ஸ்டைல் கான்ஃபிகரேட்டர்ல மாத்தணும்.

கல்யாண பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிறவங்ககிட்ட பாமினி, வானவில்னு பழைய ஃபாண்ட்ல அடிச்ச ஃபைல் நிறைய இருக்கும். அவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, இந்த பழைய ஃபாண்ட் இங்க சுலபம். பாமினில தமிழ் எழுத்து எல்லாம் இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கு, அதனால ப்ரோக்ராமுக்கு அது வெறும் இங்கிலீஷ் ஃபாண்ட் மாதிரிதான். அதே ஃபாண்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டா போதும்.

ஸ்டெப் 6: டிஎல்எல் இல்லன்னு சொன்னா

பயப்படாதீங்க, எரர்ல வர்ற பேரை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. எம்எஸ்விபிவிஎம்60-னு வந்தா அது விஷுவல் பேசிக் 6-ஓட ரன்டைம், அதாவது அதுல எழுதின ப்ரோக்ராம் ஓட வேண்டிய அடிப்படை ஃபைல், வைன்ல அது வராது. ப்ரோக்ராமோட பழைய சிடில பெரும்பாலும் கூடவே இருக்கும், இல்லனா மைக்ரோசாஃப்டோட ரன்டைம் இன்ஸ்டாலரை அதே பாட்டில்ல ரன் எக்ஸிகியூட்டபிள் வழியா ஓட்டுங்க. எம்எஸ்விசிபி, விசிரன்டைம்னு ஆரம்பிச்சா பாட்டில்ல டிபெண்டன்சீஸ் பகுதிக்கு போய் விசிரீடிஸ்ட்னு (vcredist) தேடி போடுங்க. கண்ட இடத்துல இருந்து தனி டிஎல்எல் ஃபைலை டவுன்லோட் பண்ணி போடாதீங்க. டிபெண்டன்சீஸ்லயும் ஒண்ணு போட்டு பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க, எல்லாத்தையும் ஒரேடியா போட்டா எதனால சரியாச்சுன்னே தெரியாது.

சித்தப்பா பில்லுல இன்னொண்ணும் வந்துச்சு, தேதில மாசம் முன்னாடியும் நாள் பின்னாடியும் மாறி வந்துச்சு. வைன் தேதி எழுதுற முறையை லினக்ஸோட மொழி செட்டிங்ல இருந்துதான் எடுக்குது, மின்ட் போடும்போது அமெரிக்கா இங்கிலீஷை எடுத்திருந்தேன். லாங்குவேஜஸ்ல மொழி, ரீஜியன் ரெண்டையும் இங்கிலீஷ், இந்தியான்னு மாத்தி லாக்அவுட் பண்ணி வந்ததும் சரியாச்சு. கணக்கு சம்பந்தமான ப்ரோக்ராம் வச்சிருக்கிறவங்க முதல் நாளே இதை பாத்துடுங்க.

ஸ்டெப் 7: பேக்கப்

பழைய பில் சாஃப்ட்வேர் எல்லாம் டேட்டாவை தன் ஃபோல்டருக்குள்ளயேதான் வச்சுக்கும், அதாவது பாட்டிலோட சி ட்ரைவ்ல. அந்த பாட்டில் உங்க ஹோம்ல புள்ளில ஆரம்பிக்கிற வார்னு (.var) ஒரு மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள இருக்கு, கண்ட்ரோல் ஹெச் அடிச்சாதான் கண்ணுக்கே தெரியும். டாக்குமென்ட்ஸை மட்டும் பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சுட்டு பேக்கப் எடுத்தாச்சுன்னு நினைச்சா ஒரு பில் கூட அதுல இருக்காது. நல்லா ஓடுற நிலைமைல பாட்டிலை முழுசா ஒரு தடவை பேக்கப் எடுங்க, மூணு புள்ளி மெனுலயே வசதி இருக்கு. டேட்டா ஃபைலை மட்டும் வாரா வாரம் தனியா வெளிய காப்பி பண்ணுங்க. சித்தப்பா இப்ப ஞாயித்துக்கிழமை கடை சாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பென்டிரைவ்ல மாத்தி மாத்தி எடுக்கிறார், ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்ல.

பாட்டிலை டெலீட் பண்ணினா உள்ள இருக்கிற சி ட்ரைவும் அதோட சேந்து போயிடும், குப்பைத்தொட்டில தேடினாலும் கிடைக்காது, அதனால டெலீட் அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை ப்ரௌஸ் ஃபைல்ஸ் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு அமுக்குங்க.