ஓங்கோல் மாட்டைப் பற்றிய தவறான கணக்குகள்

சென்னையை ஒட்டிய திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் சிறிதளவு நிலம் வாங்கியவர்கள், அங்கே ஒன்றிரண்டு நாட்டு மாடுகளையும் கட்டி வளர்க்க விரும்புவது பெருகியிருக்கிறது. அவர்களில் பலர் தேடித் தேடிக் கடைசியில் ஓங்கோல் இனத்தில் வந்து நிற்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டின் காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிகுளம், ஆலம்பாடி ஆகிய இனங்கள் அடிப்படையில் உழைப்புக்காக வளர்க்கப்பட்டவை. பால், உழைப்பு என்ற இரண்டையும் மனத்தில் வைத்து வளர்க்கப்பட்ட இருபயன் இனங்களுள் சென்னைக்கு மிக அருகில் தோன்றியது ஓங்கோல்தான். கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சென்றால் அதன் தாயகத்தை அடைந்துவிடலாம். விருப்பத்தில் குறையில்லை. இரண்டு பயன்களுக்காக உருவான மாட்டை ஒரே பயனை வைத்து அளப்பதிலிருந்துதான் பிழைகள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

முதல் பிழை அடையாளம் காண்பதில் நேர்கிறது. வெள்ளை நிறமும் உயர்ந்த திமிலும் இருந்தால் அது ஓங்கோல் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு, அதை நம்பி வாங்குபவர்களும் உண்டு. இந்தியாவில் வெள்ளையும் சாம்பலுமான மாட்டினங்கள் பல இருக்கின்றன. ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. கொம்பைப் பார்ப்பதே எளிய வழி. ஓங்கோல் மாட்டின் கொம்பு அடியில் பருத்து, குட்டையாக, வெளிப்புறமும் பின்புறமுமாக வளரும். காங்கேயத்தின் கொம்போ நீண்டு வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். குஜராத்தின் காங்கிரேஜ் மாட்டுக்குப் பெரிய கொம்புகள் வீணை வடிவில் மேலெழும்பி நிற்கும். கொம்பைத் தீய்த்துவிட்ட மாடாக இருந்தால் கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலாகிய அலைதாடியைப் பார்க்க வேண்டும். ஓங்கோலுக்கு அது சதைப்பற்றுடன் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, தொப்புள் மடிப்பு வரை நீளும். கண்ணைச் சுற்றிக் கறுப்புத் தோல் வளையமும், கறுத்த இமைமயிரும் இருக்கும். காளைக்குத் தலை, கழுத்து, திமில் ஆகிய இடங்களில் கருஞ்சாம்பல் நிறம் படர்ந்திருப்பது இயல்பானதே. அதைக் கலப்பு என்று எண்ணி நல்ல காளையை ஒதுக்குவது இதே பிழையின் மறுபக்கம்.

வரலாற்றில் செய்யப்படும் பிழைகள் இன்னும் சுவையானவை. நெல்லூர் மாடு, ஓங்கோல் மாடு என இரண்டு இனங்கள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சென்னை மாகாண ஆட்சியில் ஓங்கோல் வட்டம் 1904 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு குண்டூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. 1970இல் உருவான, இன்று பிரகாசம் எனப்படும் மாவட்டத்துக்கு ஓங்கோல் தலைநகரமாயிற்று. மாவட்ட எல்லைகள் மாறினவேயன்றி மாடு மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து சென்ற கால்நடைகள் பழைய மாவட்டத்தின் பெயரையே கொண்டு சென்றதால் பிரேசிலில் அவை இன்றும் நெலோர் என்றே அழைக்கப்படுகின்றன.

அந்தப் பிரேசில் கதையும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் சுற்றுகிறது. 1868இல் பாகியா மாநிலத்தின் சால்வடோர் துறைமுகத்தில் ஓர் இணை மாடுகள் இறங்கியதாகப் பதிவுண்டு. அதன் பத்தாண்டு கழித்து லெம்க்ரூபர் என்ற பண்ணையாளர் ஜெர்மனியின் ஹாம்பர்க் விலங்குக்காட்சிச் சாலையில் இவ்வினத்தைக் கண்டு வாங்கிச் சென்றார். பிறகும் பலமுறை இறக்குமதி நடந்தது; 1960களின் தொடக்கத்தில் ஓங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி ஊரின் பெயர் தாங்கிய ஒரு காளை சென்று, அங்குள்ள மந்தைகளின் மரபில் ஆழமாகப் பதிந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால், பிரேசிலியர்கள் நம் மாட்டைக் கொண்டுபோய் ஆறாகப் பால் கறக்கிறார்கள் என்ற முடிவு தவறானது. அங்கே நெலோர் வளர்க்கப்படுவது முதன்மையாக இறைச்சிக்காக. நூறாண்டுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது உடல் எடையும் வளர்ச்சி வேகமும்தான். வியாட்டினா 19 என்ற நெலோர் பசு 40 கோடி ரூபாய்க்கு விற்றது என்று இங்கே பரவிய செய்தியையும் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். 2023இல் ஏலத்தில் விற்றது அப்பசுவின் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு. அப்பங்கின் விலையைக் கொண்டு முழு மதிப்பு கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள அப்பசுவுக்குக் கிடைத்த விலை அதன் கருமுட்டைக்கும் மரபுக்கும் உரியது. அதைக் காட்டிச் சூளூர்ப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ யாராவது விலையை ஏற்றிச் சொன்னால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இம்மாடு எந்த மண்ணில் எதற்காக உருவானது என்பதை அறிந்தால் பால் பற்றிய பிழை தானாகவே விளங்கும். குண்டலகம்மா, மூசி ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியே இதன் இதயப் பகுதி. (இந்த மூசி ஹைதராபாத் வழியே ஓடும் மூசி அன்று.) அங்குள்ள கனத்த கரிசலில் ஆழ உழவும் பாரவண்டி இழுக்கவும் வலுவான காளை தேவைப்பட்டது, வீட்டுக்குப் பாலும் நெய்யும் தேவைப்பட்டன. சோளத்தட்டையும் பயற்றுச் செடிக் கழிவும் தீவனமாயின. வசதியுள்ள குடும்பங்கள், இறந்தவர் நினைவாகவோ வேண்டுதலாகவோ, தேர்ந்த இளங்காளையைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டன. அக்காளைகள் ஊரெங்கும் தடையின்றி மேய்ந்து, ஊர்ப் பசுக்களுக்குப் பொலிகாளைகளாகவும் பயன்பட்டன. கால்நடைத் துறைகள் தோன்றும் முன்னரே நடந்த இனத்தேர்வு இது. மட்டமான காளையை நேர்ந்து விடுவது குடும்பத்துக்கே இழுக்கு என்ற எண்ணம்தான் அதன் தரக்கட்டுப்பாடு. பின்னர் மேய்ச்சல் நிலங்களில் புகையிலை போன்ற பணப்பயிர்கள் ஏறின, உழவுக்கு டிராக்டர் வந்தது, மந்தைகள் சுருங்கின.

இத்தகைய மாட்டிடம் கலப்பினப் பசுவின் பாலை எதிர்பார்ப்பதுதான் பணத்தை இழக்கச் செய்யும் பெரும்பிழை. ஓங்கோல் பசு ஓர் ஈத்தில், அதாவது ஒருமுறை கன்று ஈன்று கறவை வற்றும் வரை, தருவது சராசரியாக 800 கிலோவை ஒட்டிய பால். கறவைக் காலம் முழுவதற்கும் பிரித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் அளவில் நிற்கும். ஈன்ற புதிதில் கூடுதலாகவும் பின்னர் குறைவாகவும் இருக்கும். கன்று குடிப்பது போக வீட்டுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. கிடேரி தலைச்சன் ஈத்துக்கு வர ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஆகும். ஓர் ஈத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஓராண்டைத் தாண்டிவிடும். அந்த வற்றிய மாதங்களிலும் தீவனச் செலவு நிற்காது. தவிடும் பிண்ணாக்கும் வைக்கோலும் விலைக்கு வாங்குபவர் இந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், காகிதத்தில் தெரியும் இலாபம் தொழுவத்தில் கிடைக்காது. நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் தூய ஓங்கோல் என்று ஒருவர் மாட்டைக் காட்டினால், இரண்டு வேளைக் கறவையை நேரில் இருந்து அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. முதல் நாள் மாலை கறக்காமல் மடியை நிறைத்து வைத்து மறுநாள் காலையில் காட்டுவது சந்தையின் பழைய வித்தை. இதேபோல, வீடு தேடி வரும் ‘ஏ2 ஓங்கோல் பால்’ புட்டிகள் எத்தனை மாடுகளிடமிருந்து வருகின்றன என்று கேட்பதில் தவறில்லை. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2024 ஆகஸ்டில், பாலிலுள்ள புரதத்தின் வகையைச் சொல்லும் ஏ1, ஏ2 என்ற குறிப்புகளைப் பால் உறைகளிலிருந்து நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றது. நாட்டு மாடுகள் பெரும்பாலும் ஏ2 வகைப் புரதம் தருபவை என்பது சரியே; அதனால் நோய் தீரும் என்பது விற்பனைப் பேச்சு.

கறவையோடு தொடர்புடைய வேறொரு பிழையும் உண்டு. கலப்பினப் பசுக்களைப் பழகியவர்கள் கன்றைப் பிறந்தவுடன் பிரித்துப் புட்டிப்பால் கொடுக்க முயல்கிறார்கள். ஓங்கோல் பசு பொதுவாகக் கன்று முட்டினால்தான் சுரப்பு விடும். கன்று இறந்துவிட்டால் அந்த ஈத்தே கைவிட்டுப் போகவும் கூடும். சென்னையின் பழைய பால்காரர்கள் வைக்கோல் அடைத்த கன்றுத்தோலைப் பசுவின் முன் நிறுத்தியது இதற்காகவே. அதற்கு மாற்றாகச் சுரப்பு ஊசி போடுவது மாட்டைக் கெடுக்கும், சட்டத்துக்கும் புறம்பானது.

நாட்டு மாட்டுக்கு நோய் வராது, எனவே தடுப்பூசி வேண்டாம் என்ற நம்பிக்கையை உடனே கைவிட வேண்டும். வெள்ளை மயிருக்கு அடியிலுள்ள கறுத்த தோலும், தளர்ந்த தோல் மடிப்புகளும் வெயிலைத் தாங்க உதவுகின்றன. உண்ணித் தொல்லையையும் இவ்வினம் ஓரளவு தாங்கும். தாங்குதிறன் வேறு, நோய் வராமை வேறு. கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி தேவை. பெரியம்மை எனப்படும் தோல் கழலை நோய் 2022இல் வடமாநிலங்களில் நாட்டு மாடுகளையும் ஏராளமாகக் கொன்றது. மார்கழி மழையில் ஈரத் தரையில் கட்டினால் எந்த இன மாட்டுக்கும் குளம்பு கெடும்.

சினை ஊசியில் நேரும் பிழையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பால் கூடட்டும் என்று ஓங்கோல் பசுவுக்கு ஜெர்சி விந்து போட்டால், பிறக்கும் காளைக்கன்று உழவுக்கு ஓங்கோல் காளை அளவுக்கு உதவாது, ஓங்கோல் இனத்தைப் பெருக்கவும் உதவாது. காங்கேயத்துக்கு ஓங்கோல் காளையைச் சேர்ப்பதும் இரண்டு இனங்களையும் குழப்புவதே. ஊசி போடுபவரிடம் விந்து தந்த காளையின் இனத்தையும் அடையாள எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாநகர எல்லைக்குள் வளர்க்க நினைப்பவர்கள், நகர்ப்புறங்களில் கால்நடை வளர்ப்புக்கு உரிமம் கோரும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தை முதலில் அறிய வேண்டும். தெருவில் அவிழ்த்து விட்டால் மாநகராட்சி பிடித்துச் சென்று அபராதம் விதிக்கும். ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள பசுவுக்கு நடக்க இடமில்லாத கொல்லைப்புறம் எப்படியும் பொருந்தாது. மாடு வாங்குவதற்கு முன், நெல்லூர் மாவட்டத்திலுள்ள சிந்தலதேவி அரசுப் பண்ணையையோ குண்டூர் அருகிலுள்ள லாம் ஆராய்ச்சி நிலையத்தையோ முறையாக அனுமதி பெற்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவது, பத்துத் தரகர்களின் பேச்சைக் கேட்பதைவிடப் பயன் தரும். மாட்டின் காதிலுள்ள 12 இலக்க அடையாள வில்லை இனத்துக்குச் சான்று ஆகாது. பதிவு செய்தவர் எழுதிய இனமே அதன் பதிவேட்டில் இருக்கும். ஆகவே பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், இயன்றால் தாய்ப்பசுவைக் காட்டச் சொல்லி, அதன் கொம்பையும் அலைதாடியையும் கறவையையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.