மிளகாய் வத்தலைக் காய்ந்த பதம் பார்த்து வாங்குவது: மசாலா ஆலைகளுக்கான கொள்முதல் வழிமுறை

மண்டிக்கு ஏற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வத்தல் குவியல் மேல் தண்ணீர் தெளிப்பது ராமநாதபுரத்திலும் நடக்கிறது, குண்டூரிலும் நடக்கிறது. நன்றாகக் காய்ந்த வத்தலைச் சாக்கில் மிதித்து அடைத்தால் நொறுங்கும் என்பது ஒரு காரணம். எடை இன்னொரு காரணம். 10 சதவீத ஈரமுள்ள 100 கிலோ வத்தலை 14 சதவீதத்துக்கு நனைத்தால் 104.7 கிலோ ஆகிவிடும். கிலோ 200 ரூபாய் விற்கிற நாளில் ஒரு வாளித் தண்ணீருக்குச் சுமார் 900 ரூபாய் கிடைக்கிறது. கட்டி வைத்த சாக்குக்குள் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை விட்டுவைக்கும். வறுத்தாலும் அரைத்தாலும் அது போகாது.

இதைத் தடுக்க ஆலைகள் விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன, நோட்டீஸ் அடிக்கின்றன. எடைக்கு மட்டும் காசு கொடுக்கும் வரை இதெல்லாம் வீண். பொறுப்பான கொள்முதலை விலைச்சீட்டில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

விலைச்சீட்டு

வத்தலை 10 சதவீத ஈரத்துக்குச் சமப்படுத்திய எடைக்கு விலை போடுங்கள். கணக்கு இதுதான்: வந்த எடையை (100 − ஈரம்) ஆல் பெருக்கி 90 ஆல் வகுக்க வேண்டும். 11 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோ வந்தால் 988.9 கிலோவுக்குப் பணம். 8 சதவீதத்தில் வந்தால் 1,022 கிலோவுக்குப் பணம். இரண்டாவது வரிதான் முக்கியம். ஈரத்துக்குப் பிடித்தம் செய்ய எல்லோருக்கும் தெரியும். கூடுதலாகக் காய வைத்தவருக்குக் கூடுதலாகக் கொடுக்கத்தான் கை வராது. அதைக் கொடுக்காவிட்டால், எட்டு வரை காய வைத்தவர் தானாகவே இரண்டு சதவீதம் தண்ணீர் சேர்த்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டுக்குக் கீழே போனால் வத்தல் பொடியாகும், விதை கொட்டும். அதனால் கூடுதல் தொகையை எட்டோடு நிறுத்திவிடுங்கள். முழு வத்தலுக்கு உணவுப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் வரம்பு 11 சதவீதம். அதற்கு மேல் வந்த சரக்கை வாசலிலேயே களத்தில் பரப்பிக் காய வைத்து மறுநாள் எடைபோடுங்கள், பிடித்தம் போட்டுக் கிடங்குக்குள் விடாதீர்கள்.

அடிப்படை விலையை விதைப்பின்போதே ஒரே எண்ணாக எழுதிக்கொண்டால் ஒப்பந்தம் நிற்காது. சந்தை ஏறினால் சரக்கு வெளியே போகும். இறங்கினால் ஆலை தரத்தில் குறை தேடும். பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கடந்த 7 நாள் சராசரி, அதன் மேல் தரத்துக்கான தொகை, எந்த நிலையிலும் இறங்காத ஒரு அடிவிலை என மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அடிவிலையைச் சாகுபடிச் செலவைக் கணக்கிட்டுப் போடுங்கள்: உழவு, விதை, களையெடுப்பு, மருந்து, பறிகூலி, வீட்டார் உழைப்புக்கும் கூலி. கடைசியில் சொன்னதை எல்லா ஆலைகளும் விட்டுவிடுகின்றன.

யாரிடம் வாங்குவது

'இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக' என்று பாக்கெட்டில் போட எல்லோருக்கும் ஆசை. ஆனால் விவசாயி கமிஷன் மண்டிக்குப் போவது அங்கே விலை நன்றாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. உரத்துக்கும் வீட்டு விசேஷத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் மண்டிக்காரர். அந்தக் கடன் இருக்கும்வரை உங்கள் விலை அதிகமாக இருந்தாலும் வத்தல் அவரிடம்தான் போகும். ராமநாதபுரம் முண்டு (உருண்டை) வத்தலுக்கு வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை கடைசியிலிருந்து பறிப்பு. ஆகவே பங்குனியில் லாரியோடு போய் நிற்பதில் பயனில்லை. ஆவணியிலேயே போய், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ கூட்டுறவுச் சங்கம் மூலமாகவோ கிசான் கடன் அட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுங்கள். 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். ஆலையே முன்பணம் கொடுத்தால் பழைய மண்டியின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டீர்கள் என்றுதான் பொருள்.

ஊர் வியாபாரியை ஒரேயடியாக வெட்டிவிடவும் வேண்டாம். அரை ஏக்கர்க்காரரின் 3 சாக்கைச் சேர்த்துக் கொண்டுவர ஒருவர் வேண்டும். அவர் பெயரைப் பதிந்து, ஒவ்வொரு சாக்கும் யாருடையது என்ற நோட்டு வைத்திருந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகக் கூலி கொடுங்கள்.

முதல் வருடம் இரண்டு மூன்று ஊர், முப்பது நாற்பது பேர், ஆலைத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் நோட்டில் எழுதியதைச் சரிபார்க்க ஆள் இருக்காது. வத்தலாக மட்டும் வாங்குங்கள். தூளாகவோ உடைசலாகவோ வாங்கவே கூடாது. 2005-இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப்பொருட்கள் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், மிளகாய்த்தூளில் கலந்திருந்த சூடான் சாயம். தூளில் மறைவது முழு வத்தலில் சுலபமாக மறையாது. ஆனாலும் பளபளப்பு அதிகமாகத் தெரிந்தால் பஞ்சில் சமையல் எண்ணெய் தொட்டு வத்தல் தோலில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் சாயம்.

வயலில்: மருந்து நோட்டும் காலி டப்பாவும்

பூச்சிமருந்தின் மிச்சம்தான் வத்தலில் அதிகம் சிக்கும் குறை. இலைப்பேன், சிலந்திப்பேன், காய்ப்புழு என ஒன்று மாற்றி ஒன்று வரும் பயிர். 2021-இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் புதுவகைக் கருப்பு இலைப்பேன் மிளகாயை அழித்தபோது, பயத்தில் நாலைந்து மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்தார்கள். பூச்சி அடங்கவில்லை, மிச்சம்தான் நின்றது.

எந்த மருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் 'கடையில் கொடுத்தார்கள்' என்றுதான் பதில் வரும். பொய்யில்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரியும். வரப்போரம், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், வேலிக்கடியில் கிடக்கும் காலி டப்பாக்களைப் பாருங்கள். லேபிளை போட்டோ எடுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், நச்சு முக்கோணத்தின் நிறம் (சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் வீரியம் குறையும்), அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். டிரையசோபாஸ் 2020 முடிவோடு நாட்டிலேயே தடையாகிவிட்டது. பழைய டப்பா இன்னும் கிடந்தால் அந்தக் கடையின் பில்லைக் கேளுங்கள். குளோர்பைரிபாஸ் ஐரோப்பாவில் அனுமதி இழந்த மருந்து. உள்ளூர் விற்பனைக்கு ஒரு பட்டியல், ஏற்றுமதிக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு வைத்தால் இரண்டும் கலந்துபோகும். கடுமையான ஒன்றையே எல்லோருக்கும் கொடுங்கள்.

சிக்கல் வருவது முதல் பறிப்புக்குப் பிறகு. மிளகாயை ஒரே தடவையில் பறிப்பதில்லை. பழுக்கப் பழுக்க நாலைந்து பறிப்பு, இடைவெளி இரண்டு மூன்று வாரம். இரண்டாம் பறிப்புக்கு 5 நாள் முன்னால் அடித்த மருந்துக்குக் காத்திருப்பு 10 நாள் என்றால் பறிப்பைத் தள்ளிப்போட வேண்டும், ஆனால் பறிக்கும் ஆட்கள் அன்றைக்குத்தான் கிடைப்பார்கள். இதனால்தான் மருந்து நோட்டில் தெளித்த தேதிக்குப் பக்கத்திலேயே 'இதற்கு முன் பறிக்கக் கூடாது' என்று ஒரு தேதிக்கட்டம் போட வேண்டும். தெளிக்கிற அன்றே அதை நிரப்ப வேண்டும். சீசன் முடிவில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரம்பிய நோட்டு செல்லாது.

மருந்தைக் குறைக்கச் சொல்வதோடு மாற்றையும் கொடுங்கள்: வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளம் அல்லது மக்காச்சோளம், இலைப்பேனுக்குப் பூச்சி ஒட்டிக்கொள்ளும் நீல அட்டை, வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை, ஆரம்பத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல். அட்டைச் செலவு ஆலையுடையது.

களம்

பறித்த பழத்தில் 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைப் பத்துக்குக் கொண்டுவர வெயிலைப் பொறுத்து 10 முதல் 15 நாள். அந்த நாட்களில் பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் ராத்திரியில். பகல் முழுக்கக் காய்ந்த வத்தல் பனியில் மறுபடி நனையும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தே வெளுத்துவிடும். சூரியன் சாய்ந்ததும் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும், காலையில் பனி போன பிறகே பிரிக்க வேண்டும். தார்ப்பாய் இல்லாதவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? ஏக்கருக்கு எவ்வளவு பாய் தேவை என்று பறிப்புக்கு முன்பே கணக்கெடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

மண் தரையிலும் தார்ச்சாலையிலும் காய்ந்த சரக்கு வேண்டாம். ஆடு, கோழி, நாய் ஏறாமல் களத்தைச் சுற்றி வலை. எச்சத்திலிருந்து சால்மோனெல்லா வரும். நன்றாகக் காய்ந்துவிட்டதா என்பதற்குக் களத்துச் சோதனை: ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். வெளுத்தது, கரும்புள்ளி விழுந்தது, புழு துளைத்தது எல்லாவற்றையும் களத்திலேயே பொறுக்கித் தனியே வைக்க வேண்டும். பொறுக்கும் கூலியை விலைச்சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள்.

எடை, சாம்பிள், சோதனை

விவசாயி பார்க்கும் பக்கமாகத் தராசின் எண் தெரிய வேண்டும். வெறும் சாக்கை எடைபோட்டு அந்த எடையை மட்டும் கழியுங்கள். 'சாக்குக்கு ரெண்டு கிலோ' என்ற வழக்கம் வேண்டாம். சாம்பிளாக எடுத்த வத்தலுக்கும் பணம் உண்டு.

நெல்லுக்குக் குத்துகிற குத்தூசி வத்தலுக்கு உதவாது. சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டி மேல், நடு, அடி மூன்றிலும் அள்ளுங்கள். மேலே நல்லதும் நடுவில் வெளுத்ததும் வைத்துக் கட்டுவது பழைய வித்தை. 100 சாக்கு வந்தால் 10, 400 வந்தால் 20, அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குச் சாக்குகளைத் திறந்தால் போதும். அஃப்ளடாக்சின் ஒரு குவியலில் எங்கோ நாலு காயில் மட்டும் ஒளிந்திருக்கும். எடுத்த சாம்பிள் முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகே அதிலிருந்து ஆய்வகத்துக்குப் பங்கு எடுக்க வேண்டும். முழுக் காயாக ஒரு பிடி அனுப்பினால் வரும் 'இல்லை' என்ற முடிவுக்கு மதிப்பில்லை. உள்நாட்டில் மசாலாப் பொருட்களுக்கு மொத்த அஃப்ளடாக்சின் வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 10. நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வகங்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் குண்டூரிலும் உள்ளன.

இரண்டு முள் குத்திப் பார்க்கும் ஈரமானி வத்தலுக்கென்று செய்ததல்ல. வத்தலில் தோலும் விதையும் வேறு வேறு ஈரத்தில் இருப்பதால் இரண்டு மூன்று புள்ளி தவறும். சீசன் தொடக்கத்தில் பத்துச் சாம்பிளை டொலுயீன் வடித்தல் முறையில் (டொலுயீன் என்னும் கரைப்பானோடு கொதிக்கவைத்து நீரைப் பிரித்து அளப்பது) ஆய்வகத்தில் பார்த்து, கருவியின் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்த அட்டவணை எழுதி ஒட்டுங்கள். தகராறு வந்தால் அட்டவணைதான் சாட்சி.

சாக்குக்கு ஒரு துணிச்சீட்டு: விவசாயி எண், ஊர், எத்தனையாவது பறிப்பு, தேதி. நிலப்பரப்போடு வரத்தை ஒத்துப்பாருங்கள். வயலில் நின்று ஏக்கருக்கு 600 கிலோ என்று மதிப்பிட்ட ஒருவர் 2 ஏக்கரிலிருந்து 1,900 கிலோ கொண்டுவந்தால், அடுத்த வீட்டு வத்தலும் அவர் பெயரில் வருகிறது. மருந்து நோட்டு அந்தப் பங்குக்குப் பொருந்தாது.

பணம் மூன்று நாளுக்குள், பறிகூலி கொடுப்பவரின் வங்கிக் கணக்கில். பட்டா கணவர் பெயரில் இருந்தாலும் பயிர் பார்ப்பது மனைவியாக இருக்கலாம், பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்பு கிள்ளும் வீடுகள்

வயலை ஆயிரம் முறை ஆய்வு செய்கிற ஆலைகள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன. காம்பு கிள்ள வத்தலை வீடுகளுக்கு மூட்டையாகக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது வழக்கம். கூலி குறைவாக இருப்பதால் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் உட்காருவார்கள். விரல் எரியும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 'எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்' என்பது பொறுப்பைத் தள்ளிவிடுவது.

வேலையை வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கொண்டுவாருங்கள்: காற்றோட்டம், கையுறை, முகக்கவசம், கழுவ எண்ணெயும் சோப்பும். தண்ணீர் மட்டும் ஊற்றினால் எரிச்சல் போகாது. துண்டுக்கூலியைக் கடிகாரம் வைத்து நிர்ணயியுங்கள். நடுத்தர வேகத்தில் வேலை செய்பவர் மணிக்கு 5 கிலோ கிள்ளினால், ஓய்வு போக 7 மணி நேரத்தில் 35 கிலோ. அந்த ஊரின் குறைந்தபட்ச நாள்கூலி உதாரணத்துக்கு 420 ரூபாய் என்றால் கிலோவுக்கு 12 ரூபாய்க்குக் குறையக் கூடாது. குறைந்தால் மூட்டை மறுபடி வீட்டுக்குத்தான் போகும்.

ஆய்வில் பிள்ளை ஒருவர் வேலை செய்வது தெரிந்தால் அன்றைக்கே அந்தக் குடும்பத்தின் பெயரை அடித்துவிடாதீர்கள். வேலை வேறு இடத்தில் தொடரும், உங்கள் கண்ணில்தான் படாது. பெரியவருக்கு வேலையை உறுதி செய்து, பிள்ளை பள்ளியில் சேர்ந்ததைப் பார்த்து, தேவையானால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

சோதனையில் தவறிய சரக்கு

மருந்து மிச்சம் கூடுதலாக வந்த சரக்கைத் திருப்பி அனுப்பினால் அது அடுத்த ஆலைக்குப் போய்ச் சேரும். தனியே வைத்து, துணிச்சீட்டைக் கொண்டு யார் வயல், எந்தத் தெளிப்பு என்று பின்னால் போய்ப் பாருங்கள். நோட்டில் எழுதிய மருந்தே மிச்சமாக வந்திருந்தால் காத்திருப்பு நாள் தவறியிருக்கிறது. நோட்டிலேயே இல்லாத மருந்து வந்திருந்தால் பக்கத்து வயல் தெளிப்பு காற்றில் வந்ததா, டேங்க் கழுவாமல் அடித்ததா, மறைத்ததா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் அடுத்த வருடம் நோட்டில் உண்மை இருக்காது. மறைத்தவர் ஒரு பருவம் வெளியே. மற்ற இருவருக்கும் அடுத்த பறிப்பின் சோதனைச் செலவை ஆலையே ஏற்கட்டும். அஃப்ளடாக்சின் தாண்டிய சரக்கை நல்லதோடு கலந்து வரம்புக்குள் கொண்டுவரக் கூடாது. தீவனத்துக்கும் கொடுக்கக் கூடாது. எடைபோட்டுப் பதிந்து அழித்துவிடுங்கள்.