பத்துக்குப் பத்து அறையில் கிட்டார் ஆம்ப்: வைக்கும் இடம்தான் பாதி ஒலி

படுக்கையறையின் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியவர்கள் முதலில் கேட்பது, “எந்த ஆம்ப் வாங்கலாம்?” என்றுதான். முதலில் அளவு நாடா வாங்குங்கள் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் சிறிய அறையில் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி, அரை அடி நகர்ந்தால் மாறும் ஒலி, விலையை இரட்டிப்பாக்கினாலும் மாறாது. ஆகவே வாங்குவதை ஒத்திவைத்து அறையிலிருந்து தொடங்குவோம்.

1. அறையை அளங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, அந்த எண்ணால் 343ஐ வகுத்தால், அந்த இரு சுவர்களுக்கு இடையில் தேங்கி நிற்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். பத்தடி என்பது 3.05 மீட்டர், கணக்குப்படி 56 ஹெர்ட்ஸ். அடுத்தது அதன் இரு மடங்கு, 112.

கிட்டாரின் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது 110 ஹெர்ட்ஸ். இப்போது புரிந்திருக்கும். பத்தடி அறையில் அந்த ஒரு சுரம் மட்டும் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். பக்கத்துச் சுரங்கள் சாதுவாக இருக்கும். நீளமும் அகலமும் பத்தடி, கூரையும் பத்தடி என்றால் மூன்று திசைகளும் ஒரே அதிர்வெண்ணில் கூடிக்கொள்ளும். நம் அடுக்குமாடி வீடுகளின் சிறிய படுக்கையறைகள் பல இந்தக் கனசதுர வடிவத்தை ஒட்டியே இருக்கின்றன. சமமில்லாத அளவுள்ள அறை ஒன்று வீட்டில் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்

30 வாட் ஆம்ப், 15 வாட்டைப்போல் இரு மடங்கு சத்தமாக இருக்காது. வித்தியாசம் மூன்று டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. மறுபக்கத்தையும் பாருங்கள்: 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்கள் பல, ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபெல்லும் அதற்கு மேலும் தருகின்றன. அதாவது ஒரு வாட் வால்வு ஆம்பே (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது) பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும்.

சிறிய அறைக்கு ஒன்று முதல் ஐந்து வாட் வரையிலான வால்வு ஆம்ப் போதும். இல்லையென்றால் வெளியீட்டைக் குறைக்கும் குமிழ் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப் நல்லது. பாஸ் நிறுவனத்தின் கடானா 50 ஆம்பில் அரை வாட், 25, 50 என்று மாற்றிக்கொள்ளலாம். தொடங்குபவருக்கு அரை வாட் நிலை வீட்டில் வெகுநாள் கைகொடுக்கும்.

3. இடம் தேடுதல்

மூலையில் வைக்காதீர்கள். அறையில் காலியாகக் கிடப்பது மூலைதான், கை தானாக அங்கே போகும். ஆனால் தரையும் இரு சுவர்களும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடும். ஆம்பில் பேஸ் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாலும் அந்த வீக்கம் முழுதாகத் தணியாது.

பின்பக்கம் திறந்த ஆம்பாக இருந்தால், ஸ்பீக்கரின் பின்னாலும் ஒலி புறப்படுகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் அது முன்னால் வரும் ஒலியோடு மோதிச் சில அதிர்வெண்களை அழிக்கும். ஆகவே முடிந்தால் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி ஸ்பீக்கரை வைத்துப் பாருங்கள். அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால் ஒன்றரை அடியாவது விடுங்கள்.

அடுத்து உயரம். புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இது. கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி குறுகிய கற்றையாக நேர் முன்னால் மட்டுமே போகும். ஆம்ப் தரையில் இருந்தால் அந்தக் கற்றை உங்கள் கணுக்காலைத் தாக்குகிறது. மேலே உள்ள காதுக்கு ஒலி மந்தமாகப் படுவதால் டிரெபிள் குமிழைத் திருகிக்கொண்டே போகிறீர்கள். பிறகு மைக் வைத்துப் பதிவு செய்தால் காதைக் கிழிக்கிறது. மைக் மீது பழி விழுகிறது. உறுதியான மர முக்காலி மேல் ஆம்பை ஏற்றுங்கள், அல்லது சற்றுப் பின்னால் சாய்த்து ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அதன் பிறகே குமிழ்களைத் தொடுங்கள்.

சோதனை எளிது. ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டையிலிருந்து (ஃபிரெட்) ஏழாம் கட்டை வரை ஒவ்வொரு சுரமாக ஒரே அழுத்தத்தில் மீட்டுங்கள். பத்தடி அறையில் ஐந்தாம் கட்டை துள்ளும். ஆம்பை அரை அடி நகர்த்தி மீண்டும் மீட்டுங்கள். ஐந்து சுரங்களும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்போதே அறையில் எது கடகடக்கிறது என்றும் கவனியுங்கள். பெரும்பாலும் இரும்பு பீரோவின் கைப்பிடியும் ஜன்னல் கண்ணாடியும்தான். பழைய துணியைச் செருகினால் அடங்கிவிடும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். அவை சத்தத்தை வெளியே போகாமல் தடுப்பதில்லை, பூச்சிகளைத்தான் அழைத்துவரும். கைதட்டினால் எதிரொலி கேட்கும் வெற்றுச் சுவரின் மேல் தடிமனான பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைப்பது எவ்வளவோ மேல்.

4. மின்சாரம்

ஆம்ப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவி), மடிக்கணினி மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; நின்றுவிட்டால் குற்றவாளி அதன் அடாப்டர். ‘ஜிர்ர்’ என்று வந்தால் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரையோ சதுர அலை இன்வெர்ட்டரையோ சந்தேகப்படுங்கள். ஒற்றைச் சுருள் பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உள்ள கிட்டாரோடு நாற்காலியை மெதுவாகச் சுழற்றினால், இரைச்சல் வெகுவாகக் குறையும் ஒரு திசை அகப்படும்.

எர்த் முனையை வெட்டி இரைச்சலைக் குறைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் விரல் தொடும் தந்தி, ஆம்பின் உலோக உடலோடு இணைந்திருக்கிறது. உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆம்பாக இருந்தால் பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். தகுந்த திறனுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

5. மைக்

ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் ஒன்று போதும். ஆம்பின் முன்பக்கத் துணிக்குப் பின்னால் ஸ்பீக்கரைக் காண டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் குமிழ்போல் இருக்கும் மூடி, கூம்போடு சேரும் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மைக்கை வையுங்கள். நடுப்பக்கம் நகர்த்தினால் ஒலி கூர்மையாகும். வெளிப்பக்கம் நகர்த்தினால் மென்மையாகும். மிக நெருக்கமாக வைத்தால் பேஸ் கூடும். இவ்வளவு அருகில் இருக்கும் மைக் அறையை அதிகம் கேட்காது என்பது நமக்கு வசதி. உச்ச அளவு மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாதபடி இன்டர்ஃபேஸில் அளவை வையுங்கள். பதிவின்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

6. இரவு வேலை

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மெத்தைகள் அந்த வரம்புக்குள் ஆம்பை அடக்கித் தரமாட்டா. டிரான்சிஸ்டர் ஆம்பில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதிலிருந்து இன்டர்ஃபேஸுக்குக் கம்பி இழுங்கள்.

வால்வு ஆம்ப் என்றால், சத்தம் வரக்கூடாது என்று ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிவிட்டு வாசிக்காதீர்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். அந்த இடத்தில், ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியைச் சத்தமின்றி வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸ் என்ற கருவியை இணைக்க வேண்டும். அதன் ஓம் அளவு ஆம்பின் பின்னால் எழுதியிருப்பதோடு பொருந்தட்டும். இணைக்கும் கம்பி ஸ்பீக்கர் கம்பியாக இருக்க வேண்டும், கிட்டார் கம்பி அல்ல. வால்வு ஆம்பை அலமாரிக்குள் அடைத்து வாசிப்பதும் ஆகாது, சூடு வெளியேற வழியில்லை. வால்வுகள் உள்ள தலைப்பகுதியும் ஸ்பீக்கர் பெட்டியும் தனித்தனியாக இருந்தால், பெட்டியை மட்டும் மைக்கோடு துணிகள் நிறைந்த அலமாரிக்குள் வைத்து, தலைப்பகுதியை வெளியே வைத்துக்கொள்ளலாம்.