முதல் ட்ராக் டேவுக்கு டயர் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைப் பண்ணாதீர்கள்

ட்ராக் டே என்றால் சொந்த பைக்கை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள். அதற்குப் பெயர் கொடுத்ததுமே முக்கால்வாசிப் பேர் கேட்கிற கேள்வி, "எந்த டயர் போடலாம்?" அதுகூடச் சரி. அடுத்த கேள்வி வரும் பாருங்கள், "இருக்கிறதிலேயே ஸாஃப்ட் எது?" என்று, தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ கோவை கரி ஸ்பீட்வே ட்ராக்குக்கோ ஆர்15, ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 மாதிரி பைக்கோடு வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லிட்டர் பைக் (1000 சிசி) வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இருக்கிறதிலேயே ஸாஃப்ட் என்றால் அது ரேஸ் டயர். ரேஸ் டயர் சூட்டில்தான் வேலை செய்யும். ஸ்லிக்கை (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயரை) வார்மரில், அதாவது மின்சாரத்தில் சூடாகும் போர்வையில், சுற்றி எண்பது டிகிரி வாக்கில் சூடாக்கி, அது ஆறுவதற்குள் பைக்கை உள்ளே அனுப்புவது அதனால்தான். உள்ளே போன பிறகு அந்தச் சூட்டைக் காப்பாற்றுவது யார்? ஓட்டுகிறவர்தான். பலமாகப் பிரேக் பிடித்து, நன்றாகச் சாய்த்து, வெளியே வரும்போது த்ராட்டிலைத் திறந்தால்தான் டயர் வளைந்து நிமிர்ந்து சூடு நிற்கும். நாற்பது குதிரைத்திறன் பைக்கில், எந்தத் திருப்பம் எங்கே வருகிறது என்றே இன்னும் பழகாத ஒருவரால் அந்த வேகத்தில் ஓட்ட முடியாது. இரண்டு லேப்பில், அதாவது ட்ராக்கை இரண்டு சுற்று வருவதற்குள், டயர் ஆறிவிடும். ஆறின ரேஸ் டயர், நீங்கள் தினமும் ஆபீஸுக்குப் போகிற டயரைவிட மோசமாக வழுக்கும், அதுவும் முன்னறிவிப்பு கொடுக்காமல்.

"சென்னை வெயிலுக்கு வார்மர் எதுக்கு, தாரே கொதிக்குதே" என்று சொல்பவர்கள் உண்டு. மத்தியானம் தார் சுடுவது உதவும்தான், ஆனால் முதல் செஷன் (ட்ராக்கில் ஓட்டக் கொடுக்கும் நேரம்) காலையில். அப்புறம், வெயிலில் நிறுத்தி வைத்த டயரில் மேல்தோல்தான் சுடும், அதுவும் வெயில் பட்ட பக்கம் மட்டும். உள்ளே இருக்கிற கட்டுமானம் ஓட்டினால்தான் சூடாகும்.

அதனால் முதல் ஒன்றிரண்டு வருஷத்துக்கு உங்களுக்கு வேண்டியது நல்ல ஸ்போர்ட் ரேடியல்: பைரெல்லி டயப்ளோ ரோஸோ வரிசை, மெட்ஸிலர், மிஷலின், மதுரை டிவிஎஸ் யூரோகிரிப்பின் ப்ரோடார்க், அப்போலோவின் ஆல்ஃபா எச்1 என்று உங்கள் சைஸில் எது கிடைக்கிறதோ அது. இவை சீக்கிரம் சூடாகும், பிடி விடுவதற்கு முன்னால் கொஞ்சம் நெளிந்து காட்டும். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த நெளிவுதான் வாத்தியார். பெயரை வைத்து ஏமாறவும் கூடாது: பைரெல்லி சூப்பர்கோர்ஸாவில் எஸ்பி என்று இருந்தால் ரோட்டிலும் ஓட்டலாம், எஸ்சி என்றால் ரேஸ் ரப்பர், அதிலும் எஸ்சி0, எஸ்சி1, எஸ்சி2 என்று பிரிவுகள். எஸ்சி0 ரொம்ப ஸாஃப்ட் என்பதற்காக அது உங்களுக்கு நல்லது என்று ஆகிவிடாது.

இதைவிட வேதனையான விஷயம், பாதி விலைக்கு வாங்கும் பழைய ரேஸ் டயர். ரேஸ் முடிந்ததும் டீம்கள் கழற்றிப் போட்டது விற்பனைக்கு வரும், பார்த்தால் ரப்பர் நிறைய இருக்கும், "மூணு செஷன்தான் ஓடுச்சு" என்பார்கள். டயர் ஒவ்வொரு தடவை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பட்டன் தேயாமலே பிடி போய்விடும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். கையில் எடுத்துப் பாருங்கள்: ஓரத்தில் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு மினுமினுப்பு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத இறுக்கம், இரண்டும் சேர்ந்து இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எத்தனை தடவை சூடானது என்று உங்களுக்குத் தெரியாத டயரை நம்பித்தான் சாய்க்கப் போகிறீர்கள், அது என் மனதுக்கு ஒப்பவில்லை.

புது டயரிலும் தேதியைப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. சில டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், திருப்பிப் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் மூன்று நான்கு கோடை பார்த்த டயரை "தள்ளுபடி" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது அகல ஆசை. ஆர்சி 390க்குப் பின்னால் 150/60 வருகிறது, 160 போட்டால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று போடுகிறார்கள். ரிம் அதே நான்கு அங்குலம்தான். அகலமான டயரைக் குறுகலான ரிம்மில் மாட்டினால் இரு பக்கமும் உள்ளே இழுபட்டு நடு கூம்பிவிடும், சாய்க்கும்போது தரையில் பட வேண்டிய ஓரம் சரியாகப் படாது. கூடுதல் பிடிக்காகச் செய்த செலவு பிடியைக் குறைக்கும். கம்பெனி கொடுத்த சைஸிலேயே நில்லுங்கள். அதே மாதிரி பின் டயரை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு முன்னால் தேய்ந்ததை விட்டுவைப்பதும் வேண்டாம். புதியவர்கள் திருப்பத்துக்குள் பிரேக்கோடு நுழையும்போது முதலில் கைவிடுவது முன் டயர்தான்.

இப்போது காற்று. எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்றில் கோட்டை விட்டால் அத்தனையும் வீண், இத்தனைக்கும் இதற்கு ஆகும் செலவு காற்றழுத்தம் பார்க்கும் ஒரு நல்ல கேஜ் மட்டும்தான். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாதீர்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் டயருக்குள் அழுத்தம் தோராயமாக ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும், அதனால் ரோட்டுக்கு அடிக்கிற அதே காற்றோடு உள்ளே போனால் நான்கு லேப்பில் டயர் பந்து மாதிரி விறைத்துவிடும். உங்கள் டயருக்கு ட்ராக்கில் எவ்வளவு என்று தயாரித்தவர் சொல்லியிருப்பதைத் தேடிப் பிடியுங்கள், அது ஆறின அளவா சூடான அளவா என்பதையும் பாருங்கள். செஷன் முடிந்து பிட்டுக்குள் (பைக்கை நிறுத்தும் இடத்துக்கு) வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேஜை எடுங்கள், இரண்டு நிமிஷம் போனால் அந்த எண் மாறிவிடும். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப அடிக்க மறக்கக் கூடாது, பெங்களூர் ஹைவேயில் குறைந்த காற்றோடு போவது ஆபத்து.

ஒரு பக்கம் மட்டும் ஆறிக் கிடப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஸாக்ஸன்ரிங் என்ற ட்ராக், பதின்மூன்று திருப்பத்தில் பத்து இடது. வரிசையாக இடது திருப்பங்களுக்குப் பிறகு வரும் பதினோராவது திருப்பம் வலது, மோட்டோஜிபி ஓட்டுகிறவர்களே அங்கே விழுகிறார்கள், அதுவரை டயரின் வலது பக்கம் ஆறிப்போயிருக்கும். நம் ட்ராக்குகளிலும் இதே கணக்குதான்: எந்தப் பக்கத் திருப்பம் குறைவோ, அந்தப் பக்கம் முதல் சில லேப்புக்குச் சாய்க்க அவசரப்படாதீர்கள். ஓரம் வரை தேய்க்கவில்லையே என்று யாராவது உங்கள் டயரைப் பார்த்துச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். டயரின் வடிவமும் நீங்கள் உட்காரும் விதமும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

கடைசியாக, புது டயரை முந்தின நாள் ராத்திரி மாட்டிக்கொண்டு வராதீர்கள். ஒரு வாரம் முன்பே மாட்டி, மேலே இருக்கிற வழவழப்பு போகிற வரை ரோட்டில் நிதானமாக ஓட்டுங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நின்று, சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சக்கரத்தின் பேலன்ஸுக்கு ரிம்மில் ஒட்டும் ஈயத் துண்டின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள், வேகத்தில் அது பிய்த்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவர் மேல் படும்.